டோனி மார்ட்டினைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கும் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஹெவி மெட்டல் இசைக்குழுவான பிளாக் சபாத்தின் ஆல்பங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடும் உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். உங்கள் பட்டியல்களில் மேலே ஓஸி ஆஸ்போர்ன் பாடிய முதல் ஆறு ஆல்பங்கள் இருக்கும். அடுத்து ரோனி ஜேம்ஸ் டியோ. அப்புறம் ஒரு பெருமூச்சோடு "மற்றவை". டோனி மார்ட்டின் பாடிய ஐந்து ஆல்பங்களும் அந்த மற்றவைக்குள்தான் கிடக்கும். மேல் வரிசையோடு எனக்கு எந்தத் தகராறும் இல்லை. 1970 முதல் 1975 வரை ஓஸி உட்பட குழுவின் ஆரம்ப நால்வர் செய்ததை யாரும் அசைக்க முடியாது. ஆனால் கீழ் வரிசையைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு எழுதினீர்களா, முன்னால் எழுதியவரைப் பார்த்து எழுதினீர்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. சபாத் பெயரில் டியோ பாடிய ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்று. மார்ட்டின் பாடியவை ஐந்து. ஓஸிக்கு அடுத்தபடியாக அந்த இசைக்குழுவில் அதிக ஆல்பங்கள் பாடியவர் அவர்தான். அவரைப் போய் "இடைக்காலப் பாடகர்" என்று எழுதுகிறீர்கள்.

அவர் உள்ளே வந்த விதமும் மோசமானது. 1987இல் வந்த 'தி எட்டர்னல் ஐடல்' ஆல்பத்தை முதலில் ரே கில்லன் முழுக்கப் பாடி முடித்திருந்தார். அவர் விலகிப் போனதும், தயாராக இருந்த இசைத்தடத்தின் மேல் மார்ட்டின் புதிதாகப் பாட வேண்டியிருந்தது. வரிகளில் பெரும்பாலானவை பாப் டெய்ஸ்லி எழுதியவை, மெட்டுகள் இன்னொருவர் குரலுக்கு அமைந்தவை. கில்லன் பாடிய வடிவமும் பின்னால் வெளிவந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அந்த நெருக்கடியிலும் 'தி ஷைனிங்' பாட்டின் உச்ச இடங்களை மார்ட்டின் எவ்வளவு சுத்தமாகப் பிடித்திருக்கிறார் என்பது புரியும். ஆனாலும் இது அவருடைய ஆல்பம் என்று நான் வாதாட மாட்டேன்.

அவருடைய ஆல்பம் 1989இல் வந்தது. 'ஹெட்லெஸ் கிராஸ்'. பர்மிங்ஹாம் அருகே ரெடிச்சில் இருக்கும் ஒரு பகுதியின் பெயர் அது. இந்த முறை வரிகள் அவருடையவை. டிரம்ஸில் கோஸி பவல். தலைப்புப் பாட்டு முதலில் டிரம்ஸோடுதான் தொடங்குகிறது: அவசரமே இல்லாத, தரையை மிதித்து நடக்கும் ஒரு தாளம். அதன் மேல் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, வந்து உட்காருகிறது. மார்ட்டின் உடனே கத்தத் தொடங்குவதில்லை. கொள்ளைநோய் வந்த ஊரின் கதையை நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசி நிமிடத்தில்தான் குரலை முழுதாகத் திறந்துவிடுகிறார். 'வென் டெத் கால்ஸ்' இன்னும் ஒரு படி மேல். கிட்டத்தட்டக் கிசுகிசுப்பில் தொடங்கி, கனத்து, பாதிக்கு மேல் வேகம் பிடித்து ஓடும் பாட்டு. அந்த ஓட்டத்தில் கிட்டார் தனி வாசிப்பு குயீன் குழுவின் பிரையன் மேயுடையது. அயோமி தன் இசைக்குழுவில் இன்னொரு கிட்டார்காரரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார் என்றாலே அந்தப் பாட்டை அவர் எவ்வளவு மதித்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். குறையும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு சாத்தான் தலைகாட்டுகிறான், ஒரு கட்டத்தில் அலுத்துவிடுகிறது. கீபோர்டும் எதிரொலியும் எண்பதுகளின் முத்திரையை ஆழமாகவே குத்தியிருக்கின்றன.

இனி என் முக்கியமான வாதம். 1990இல் வந்த 'டீர்' ஆல்பத்தில் வாசித்தவர்கள் யார்? அயோமி, மார்ட்டின், பவல், பேஸில் நீல் மர்ரே, கீபோர்டில் ஜெஃப் நிக்கல்ஸ். 1995இல் வந்த 'ஃபர்பிட்டன்'? அதே ஐந்து பேர்! இவற்றில் முதலாவதான 'டீர்' ஆல்பத்தில் 'அன்னோ முண்டி', 'தி சபாத் ஸ்டோன்ஸ்' மாதிரியான பாட்டுகள் இருக்கின்றன. நார்ஸ் புராணத்தை மூன்று பாட்டுகளாகக் கோத்த ஒரு தொடரும் இருக்கிறது. இரண்டாவதை நீங்கள் மட்டுமல்ல, நானும் கடைசியில்தான் வைப்பேன். ஆனால் பாடகர் மாறவில்லையே? மாறியது தயாரிப்பு. பாடி கவுண்ட் குழுவின் எர்னி சி தயாரிப்பாளராக வந்தார், முதல் பாட்டில் ராப் பாடகர் ஐஸ்-டி வந்து பேசினார். பவலின் டிரம்ஸ், அதுவும் பவலின் டிரம்ஸ், அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஒலித்தது. 2024இல் வந்த தொகுப்புக்காக அயோமியே அந்த ஆல்பத்தை மறுகலவை செய்திருக்கிறார். இப்போது கேட்டால் நல்ல ஆல்பமாகிவிடவில்லை, கேட்கக்கூடிய ஆல்பமாகியிருக்கிறது. அப்படியிருக்க, உங்கள் விமர்சனங்களில் 'ஃபர்பிட்டன்' தோல்விக்கு மார்ட்டின் பொறுப்பு, 'டீர்' வெற்றிக்கு அயோமி பொறுப்பு என்பது என்ன நியாயம்? பலர் 'டீர்' பற்றி எழுதுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவில் மார்ட்டினை வெளியே அனுப்பி, 1992இல் டியோவோடு ஒரு ஆல்பம் போட்டு, அதுவும் உடைந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். வந்து பாடிய 'கிராஸ் பர்பஸஸ்' 1994இல் வெளியானது. ஆரம்ப நால்வரில் ஒருவரான கீஸர் பட்லரின் பேஸோடு மார்ட்டின் பாடிய ஒரே ஸ்டூடியோ ஆல்பம் அது. 'வர்ச்சுவல் டெத்' பாட்டை எழுபதுகளின் சபாத் மட்டும் போதும் என்பவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். சேற்றில் கால் வைத்து நடக்கிற வேகம், அடுக்கடுக்காகப் பதிவு செய்த குரல். மார்ட்டினுக்கு டியோவின் நகல் என்று பெயர் வைத்தவர்கள் இந்தப் பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 'ஹெட்லெஸ் கிராஸ்' முதல் 'ஃபர்பிட்டன்' வரையிலான நான்கும் பல வருடங்கள் கடையிலும் கிடைக்கவில்லை, ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. 2024 மே கடைசியில் 'அன்னோ டொமினி' தொகுப்பு வந்த பிறகு அந்தச் சாக்கு செல்லாது.

பாடகர் மாறினால் இசைக்குழு முடிந்தது என்பதை நீங்களே எல்லா இடத்திலும் நம்புவதில்லை. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், ஜூலையில் பிரையன் ஜான்சன் குரலில் 'பேக் இன் பிளாக்' வந்தது. அவரை யாரும் மாற்று ஆள் என்பதில்லை. அயர்ன் மெய்டனில் புரூஸ் டிக்கின்சனே பால் டியானோ இடத்துக்கு வந்தவர். டிக்கின்சன் விலகியிருந்தபோது பாடிய பிளேஸ் பெய்லி காலத்தில் எழுதிய 'சைன் ஆஃப் த கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டையும் டிக்கின்சன் திரும்பி வந்து மேடையில் பாடியபோது கூட்டம் சேர்ந்து பாடியது. அதே பாட்டுகள்தான். விற்றால் வாரிசு, விற்காவிட்டால் மாற்று ஆள், அவ்வளவுதான் உங்கள் அளவுகோல்.

2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் சபாத்தைச் சேர்த்தபோது முதல் நால்வரின் பெயர் மட்டும்தான் இருந்தது, டியோவுக்கே இடமில்லை. 2025 ஜூலையில் பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் விடைபெற்றதும் அந்த நால்வர்தான். அது அவர்கள் தொடங்கிய வீடு, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் மற்றவர்களை மறந்துவிடும் அந்த வசதி விமர்சகர்களுக்குக் கிடையாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை பட்டியல் போடும்போது "மார்ட்டின் காலம்" என்று ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 'ஃபர்பிட்டன்' அடியில் கிடக்கட்டும். 'ஹெட்லெஸ் கிராஸ்' என் கணக்கில் 'நெவர் சே டை', 'டெக்னிக்கல் எக்ஸ்டஸி' இரண்டுக்கும் மேலே வரும், அவற்றில் ஓஸி பாடியிருக்கிறார் என்றாலும். 'டீர்' எந்த இடம் என்று நீங்கள் சொல்லுங்கள், அதற்கு வேண்டுமானால் சண்டை போடலாம்.