மாஸ்டருக்குச் சம்பளம் கொடுங்கள்: யாங்கோன் தமிழ்ப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோன் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளின் (ஆலயச் சமூகங்களின்) பேரவை உறுப்பினர்களுக்கும் திருவிழாக் குழுப் பெரியவர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நம் பாடகர் குழு மாஸ்டர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். கூடவே நின்று வேலை கற்றுக்கொள்ள ஆளுக்கு ஓர் உதவியாளரையும் அமர்த்துங்கள். திருவிழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும். ஒலிபெருக்கிக்காரருக்குக் கூலி உண்டு; பந்தல் போடுகிறவருக்கு உண்டு; தேருக்குப் பூ கட்டுகிறவருக்கும் சமையல்காரருக்கும் உண்டு. ஆண்டு முழுவதும் ஞாயிறு தவறாமல் ஆர்மோனியத்தின் முன் உட்காருகிற மனிதருக்கு மட்டும் திருவிழாவன்று ஒரு சால்வை. "அவர் ஆண்டவருக்காகச் செய்கிறார்" என்கிறோம். பந்தல்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

மாஸ்டரின் வேலை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்றுதான் பலர் நினைக்கிறீர்கள். திருப்பலியில் படிக்கிற விவிலிய வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தந்த ஞாயிற்றின் நற்செய்தியைப் படித்துவிட்டுத்தான் வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என ஒவ்வொன்றையும் அவர் தேர்ந்தெடுக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது. ஆர்மோனியமும் குரலைத் தாங்குகிற அளவுக்கு மட்டுமே. பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளின் வரலாற்றைப் பாட மூன்று நல்ல குரல்கள் வேண்டும். அதற்கு யாரை நிறுத்துவது என்ற கவலை தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்பே அவருக்குத் தொடங்கிவிடும். நம் பாடல்களை நான்கு குரலாகப் பிரிப்பது இன்னொரு தலைவலி. ராகத்தின் வளைவு நெளிவுகளைச் சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) பாடும்போது ஆல்டோவும் (பெண்களின் தாழ்ந்த குரல்) பாஸும் (ஆண்களின் தாழ்ந்த குரல்) எங்கே நிற்க வேண்டும்? இதற்கு எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. எந்தப் பாட்டைப் பிரிக்கலாம், எதை ஒரே குரலில் விட்டுவிட வேண்டும் என்பது அவர் காதுக்குத்தான் தெரியும். அந்தக் காதை வேறொருவருக்குப் பழக்கிக் கொடுக்க ஆண்டுகள் ஆகும் என்பதால்தான் உதவியாளர் கேட்கிறேன்.

1964க்குப் பிறகு பர்மாவில் கடைகள் தேசியமயமாகி, கப்பல் கப்பலாக நம் மக்கள் ஊர் திரும்பிய கதை உங்கள் வீடுகளிலும் உண்டு. இருந்துவிட்டவர்களின் பிள்ளைகள் பர்மியப் பள்ளிகளில் படித்தார்கள். இன்று எங்கள் குழுவில் பாதிப் பேர் தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். ஒவ்வொரு வரியின் உச்சரிப்பையும் உட்காரவைத்துத் திருத்துகிறவர் மாஸ்டர். தமிழ்ப் பள்ளி செய்ய வேண்டியதை ஆர்மோனியம் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது ஆண் குரல்களும் போய்க்கொண்டிருக்கின்றன. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரையுள்ள பையன்களை எந்தத் தாய் வீட்டில் வைத்திருப்பாள்? தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். ஆண்களின் உயர்ந்த குரலான டெனார் வரிசையில் நரைத்த தலைகளே மிச்சம். குரல் உடையும் வயதில் இருக்கிற சிறுவர்களை இன்றே பழக்காவிட்டால் நாளைக்குப் பாஸ் பாட யாருமில்லை.

போ ஆங் ஜோ தெருவிலுள்ள புனித மரியன்னைப் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் கட்டத் தொடங்கிய செங்கல் கட்டடம். வரைந்து கொடுத்தவர் டச்சுக் கட்டடக் கலைஞர் யோஸ் கைப்பர்ஸ். 1930 நிலநடுக்கத்தைத் தாங்கியது, இரண்டாம் உலகப் போரையும் தாங்கியது. கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் கேட்டால் எல்லாரும் கொடுப்போம். அதற்குள் ஒலிக்கிற குரலும் பழுதுபார்க்க வேண்டிய ஒன்றுதான். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) திருவழிபாட்டு ஏடு, 114ஆம் எண்ணில், பாடகர் குழுக்களை, சிறப்பாகப் பேராலயங்களில், ஊக்கத்தோடு வளர்க்க வேண்டும் என்கிறது. 119ஆம் எண், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்தமான இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் பேராலயத்தில் தமிழ்ப் பாட்டுக்கும் இடம் உண்டு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கரேன், சின் மக்கள் டானிக் சோல்ஃபாவை (டோ, ரே, மீ என்று எழுத்தால் குறிக்கிற இசைக்குறிப்பை) கையில் பிடித்தபடியே நான்கு குரலில் பாடுவார்கள். அவர்கள் பக்கத்தில் நாமும் அதே நேர்த்தியோடு நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

சபையிடம் பணம் கேட்பது மாஸ்டருக்கு இழுக்கு என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புனித தோமா ஆலயத்தின் இசைக்குப் பொறுப்பாக இருந்தவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக். 1730 ஆகஸ்டில் அவர் நகரசபைக்கு ஒரு மனு எழுதினார். ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது 12 பாடகர்கள் வேண்டும், 16 பேர் இருந்தால் நல்லது, முன்பு மாணவர்களுக்குக் கொடுத்துவந்த சிறு உதவித்தொகையை நிறுத்திவிட்டதால் யாரும் வருவதில்லை என்று அடுக்கினார். கடைசியில் பள்ளி மாணவர்களைத் தரம் பிரித்தும் காட்டினார்: 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் உதவமாட்டார்கள். பாக்கே பணத்துக்காக மனு எழுதினார் என்றால் நம் மாஸ்டர் கேட்பதில் என்ன குறை? உண்மையில் நம்மவர் கேட்கவுமில்லை. அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

சம்பளம் கொடுத்தால் கணக்கும் கேட்கலாம். இது முக்கியம். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பேராலயச் சிறுவர் குழுவின் மரபு 975ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ஆயிரம் ஆண்டுப் புகழ். அந்தக் குழுவின் பள்ளிகளில் 1945க்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் குறைந்தது 547 சிறுவர்கள் அடி உதைக்கும் வன்முறைக்கும் ஆளானதாக 2017இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. பாலியல் கொடுமையும் அதில் அடக்கம். இசையின் பெயரால் யாரும் கேள்வி கேட்காமல் விட்டதன் விலை அது. நம் மாஸ்டர்கள் நல்லவர்கள் என்பதால் இங்கே விதி வேண்டாம் என்று யாரும் சொல்லாதீர்கள். சிறுவர் பயிற்சி எப்போதும் கதவு திறந்த அறையில், குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடனிருக்க நடக்கட்டும். பாடம் சரியாக வராத பிள்ளையை அடிக்கும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதையும் இந்தச் சாக்கில் ஒழித்துவிடலாம்.

கீபோர்டில் பதிவு செய்த இசையை ஓடவிட்டால் செலவு மிச்சம் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று தெரிந்தவர்கள்தானே நீங்கள்? மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 8 ஆரோக்கிய அன்னை திருவிழாவுக்கான வரவுசெலவை விரைவில் எழுதத் தொடங்குவீர்கள். அதில் "பாடகர் குழு" என்று ஒரு வரி சேருங்கள். சம்பளத்தையும் உதவியாளருக்கான தொகையையும் தனித்தனியாகக் காட்டுங்கள். முதல் ஆண்டு பணம் போதாவிட்டால் தேர் விளக்குகளில் ஒரு வரிசையைக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்குப் பெண்களை அழைக்கும் வழக்கம் எல்லாப் பங்குகளிலும் இல்லை. அழைத்தால் நானே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஆல்டோ வரிசையில் நிற்கும் ஒருத்தி,
யாங்கோன்