பாட்டியின் தகரப்பெட்டி

பெரம்பூர், சென்னை
ஆனி 12

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. சித்தப்பா பெண்ணுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். இதையெல்லாம் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். நீங்கள் பேசும்போது நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி நீ தை மாதத்திலிருந்து கேட்கவில்லை.

நீ மேசையில் விட்டுப்போன ஒன்பது புத்தகங்களையும் படித்துவிட்டேன். உன் பென்சில் கோடுகள் எல்லாம் வளைந்து வளைந்து போகின்றன. படுத்துக்கொண்டு படித்தால் அப்படித்தான் வரும். படுத்துக்கொண்டு படிக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! கண்ணாடியின் பவர் இன்னும் ஏறினால் பிறகு வருந்த வேண்டியிருக்கும்.

வரலாறும் கட்டுரையும் படிக்கும் பழக்கம் என் மகளுக்கு என்னிடமிருந்து வந்தது என்று நான் பெருமை பேசாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் மற்ற பிள்ளைகள் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க ஓடும். நீ என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்கு நடப்பாய். இன்று லண்டனில், நம் ஊர்களைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதிவைத்த கோப்புகள் இருக்கும் நூலகத்துக்கே ரயிலேறிப் போய் வருகிறாய். அங்கே போய்ப் படித்தவள், வீட்டில் பெற்றவனிடம் கேட்பதைத் தனியாகக் கேட்டிருக்கலாம். சித்தப்பா எதிரில், சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருக்க வேண்டாம்.

பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை நான் உனக்கு எத்தனை இரவு சொல்லியிருப்பேன்! 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்து, சினிமா நடிகர்கள் பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை. அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன மேல்முறையீடு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்து 1947-இல் விடுதலை. ‘சட்டம் தாமதமாகவாவது கண் திறக்கும்’ என்று அந்தக் கதையை முடிப்பேன். அந்த 1945-ஆம் வருஷத்திலேயே உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஆள், அடுத்த ஊருக்குப் போகவும் சீட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதை நான் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், கயல். தெரிந்தும் சொல்லவில்லை.

ரேகைச் சட்டம் பற்றிய புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். 1871-இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு நம் மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றம். பத்து விரல் ரேகையையும் வைக்க வேண்டும், இரவானால் ஆஜராக வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காகப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. மறு வருஷமே ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்று இன்னொரு சட்டம் போட்டது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கும் கட்டத்தை எடுத்துவிடு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் வரை ஆயிற்று. ஆங்கிலேயன் போனான், அவனுடைய பதிவேடு போகவில்லை என்று நீ அன்று சொன்னாய். நான் கத்தினேன். நீ சொன்னது சரி.

இரவு ஆஜரைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் ‘தாத்தா?’ என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு சொல். அந்தக் கேள்விக்குறியை நான் பல நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தாத்தாவின் நோட்டைக் கரையான் அரிக்கவில்லை.

பாட்டியின் தகரப்பெட்டியிலிருந்து அதை எடுத்து வைக்கச் சொல்லி மார்கழியில் எழுதியிருந்தாய். எடுத்தேன், படித்தேன். போகியன்று விடியற்காலை, தெருப் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டு பழைய பாயை எரித்துக்கொண்டிருந்த நெருப்பில் அதைப் போட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. நீ வந்து கேட்டதும் கரையான் என்றேன். நீ பெட்டியைத் திறந்து பார்த்தாய். அதற்குள் இருந்த பாட்டியின் கூறைப்புடவையில் ஒரு நூல் கூட அரிபடவில்லை. உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிறகுதான், படித்தவள் என்ற திமிரில் தாத்தாவைக் கூண்டில் ஏற்றுகிறாய் என்று உன்னை எல்லோர் முன்னிலையிலும் திட்டினேன்.

உன் தாத்தா கை சுத்தமானவர். ஊர்க்காரர்களிடம் ஒரு தேங்காய் கூட வாங்காத ஏட்டு என்று சித்தப்பா இன்றும் சொல்கிறான். அது பொய்யில்லை. அந்த நோட்டு அவர் ஸ்டேஷன் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் தனக்காக எழுதி வைத்தது. இரவு ஆஜர், பெயர், வந்தான், வரவில்லை, அவ்வளவுதான் பக்கம் பக்கமாக. 1945 மார்கழியில் ஒருவன் மூன்று இரவு வரவில்லை. அவன் பெயருக்கு எதிரே தாத்தா ‘மனைவிக்குப் பிரசவம், உண்மை’ என்று எழுதியிருந்தார். பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே ‘ஆஜராகத் தவறினான், வழக்கு’ என்று எழுதியிருந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவரின் கையெழுத்து அது.

பதிவேட்டில் கீழே உள்ள வரி மட்டும்தான் ஏறியிருக்கும். நீ எந்த ஊர் நூலகத்தில் தேடினாலும் அதுதான் கிடைக்கும். அடித்த வரி இருந்த ஒரே இடத்தை நான் கொளுத்திவிட்டேன். ஒரு தரப்பு எழுதியதை மட்டும் படித்து நம்பாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்த மனிதனின் பெயரும் ஊரும் நினைவிருக்கின்றன. மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் தனித்தாளில் எழுதி, நோட்டில் வேறு என்னென்ன இருந்தது என்று நினைவுக்கு வந்ததையும் நான்கு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நிச்சயமாகத் தெரியாத இடங்களில் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். அவர் பிள்ளைகள் இருக்கக்கூடும், பெயரை எங்கும் வெளியிடாதே. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பம் கொடுக்க வரும் செவ்வாய்க்கிழமை போகிறேன். எந்த வருஷக் கோப்பைக் கேட்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு. படுத்துக்கொண்டு படிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது, போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

அப்பா