மாதாமாதம் ஸ்ப்ரே அடிப்பதை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பல அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் கரப்பான் தொல்லைக்காக மாதம் ஒருமுறை ஸ்ப்ரே அடிக்க ஒப்பந்தம் போடுகின்றன. பணமும் போகிறது, கரப்பானும் போவதில்லை.

சமையலறையில் பெருகுவது ஜெர்மன் கரப்பான் எனப்படும் சின்ன இனம். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். பெண் கரப்பான் 30, 40 முட்டைகள் அடங்கிய கூட்டை, பொரிக்கும் தறுவாய் வரை உடலோடு சுமந்து திரியும். அந்தக் கூட்டுக்குள் ஸ்ப்ரே இறங்காது. ஸ்ப்ரேக்களில் பரவலாக இருக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்துகளைத் தாங்கும் திறனும் இந்த இனத்துக்குப் பெரிதும் வந்துவிட்டது. மருந்துக்கு மிரண்டவை, மாடிகளுக்கிடையே குழாய்கள் செல்லும் டக்ட் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகின்றன.

முதலில் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பசை அட்டைகளை சிங்க்குக்கு அடியிலும், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் அருகிலும், சுவரை ஒட்டி வையுங்கள். கரப்பான் ஓரம் பிடித்தே ஓடும். நடுத்தரையில் வைத்தால் சிக்காது. அதிகம் விழுந்த அட்டைக்குப் பக்கத்தில்தான் வேலை. சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் மூடியிருக்கும் ஸ்டீல் வளையத்தை நகர்த்திப் பாருங்கள். பின்னால் பெரும்பாலும் விரல் நுழையும் ஓட்டை இருக்கும். அதை வெள்ளை சிமென்ட்டாலும், மெல்லிய இடுக்குகளை சிலிக்கானாலும் அடையுங்கள்.

அடுத்தது போரிக் ஆசிட் பவுடர். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். கொட்டி வைத்தால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய படலமாக, அலமாரிக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு அடியில் தூவ வேண்டும். காலிலும் மீசையிலும் ஒட்டிய தூளைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அது வயிற்றுக்குள் போகிறது. பலன் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், பொறுமை வேண்டும். ஈரம் பட்டால் கட்டிதட்டி வீணாகும். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டும் இடத்திலும், சமைக்கும் மேடையிலும் கூடவே கூடாது.

கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்து வைப்பதானால், அலமாரிக் கதவுக் கீல்களின் ஓரத்தில் சிறுசிறு புள்ளிகளாக வையுங்கள். அங்கே ஸ்ப்ரே பட்டால் கரப்பான் ஜெல்லைத் தின்னாது.

குளியலறையில் வரும் பெரிய சிவப்புக் கரப்பான் சாக்கடையிலிருந்து ஏறுவது. புழங்காத குளியலறையின் நஹானி ட்ராப்பில், அதாவது தரை வடிகாலுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணத்தில், தண்ணீர் வற்றினால் வழி திறந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

'ஹெர்பல்' என்று சொல்லி வருபவர்களிடம் மருந்தின் லேபிளைக் கேட்டுப் பாருங்கள். மருந்தின் பெயரும், நச்சளவைக் காட்டும் வண்ண முக்கோணமும் அதில் இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தத்தில் 'மாதம் ஒரு ஸ்ப்ரே' என்ற வரியை எடுத்துவிட்டு, பசை அட்டைக் கணக்கு, டக்ட் ஓட்டை அடைப்பு, தேவைப்பட்ட வீட்டுக்கு மட்டும் ஜெல் என்று எழுதுங்கள். ஒரே டக்ட்டைப் பகிரும் வீடுகள் அனைத்திலும் ஒரே வாரத்தில் வேலை நடக்கட்டும்.

இப்படிக்கு,
பூச்சிக் கட்டுப்பாட்டுத் துறை வாசகர்,
கோயம்புத்தூர்