குளோ வோர்ம் டனலுக்கு ஆள் திரட்டிப் போகும் சிட்னித் தமிழ் அமைப்பாளர்களுக்கு

அன்புடையீர்,

பள்ளி விடுமுறை வந்தால் நாற்பது ஐம்பது பேரைச் சேர்த்துக்கொண்டு லித்கோவைத் தாண்டி நியூன்ஸ் பக்கம் போகிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில், ஒளிரும் புழுக்கள் வாழும் அந்தப் பழைய ரயில் சுரங்கத்துக்குள் விடாதீர்கள். எட்டுப் பேருக்கு மேல் போனால் யாராவது ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டுவிடுவார், புழுக்கள் ஒளியை அணைத்துவிடும், அதோடு சரி.

நியூன்ஸில் எண்ணெய்ப்பாறையிலிருந்து எடுத்த எண்ணெயை ஏற்றிவர காமன்வெல்த் ஆயில் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் போட்ட ரயில் பாதை அது. 1907-இல் ஓடத் தொடங்கி 1932-இல் நின்றது. 25 அடிக்கு ஓரடி என்ற சரிவில் வோல்கன் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டியிருந்ததால் சுமார் 400 மீட்டர் சுரங்கத்தை வளைத்துத் தோண்டினார்கள். அந்த வளைவால் இரு வாயிலின் வெளிச்சமும் நடுப்பகுதிக்கு எட்டுவதில்லை. பாறையில் நீர் கசிகிறது, காற்றும் அதிகம் அடிப்பதில்லை. புழுக்களுக்கு வேறென்ன வேண்டும்?

இவை நம் ஊர் மின்மினி வண்டுகள் அல்ல. கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் புழுக்கள். கூரையிலிருந்து பசை முத்துகள் கோத்த நூல்களைத் தொங்கவிட்டு, வால்நுனியின் நீலப்பச்சை ஒளியால் பூச்சிகளை இழுத்துப் பிடித்துத் தின்கின்றன. புழுப்பருவம் பல மாதம் நீளும். இறக்கை முளைத்தபின் உயிரோடிருப்பது சில நாள்களே. மேலே டார்ச் அடித்தால் புழு விளக்கை அணைத்துவிடும், மறுபடி ஒளிர நேரமாகும். நூலைத் தொட்டால் அறுந்துவிடும். கொசுவிரட்டி ஸ்பிரே, சிகரெட் இரண்டும் உள்ளே கூடவே கூடாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆளுக்கொரு டார்ச் வேண்டாம். முன்னால் போகிறவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்று, பையில் உபரியாக ஒன்று. டார்ச்சின் கண்ணாடியில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி, தரையை மட்டும் பார்த்துப் பிடியுங்கள். தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருப்பது கரடுமுரடான கல்லும் ஓடும் நீரும்தான். செருப்போடு வந்தவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். நடுவில் நின்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் "ஒண்ணுமே தெரியலையே" என்று குழந்தைகள் சிணுங்குவார்கள். கண் இருட்டுக்குப் பழக அந்தப் பத்து நிமிடமும் ஆகும். அதற்குள் ஒருவர் வெள்ளை வெளிச்சம் போட்டால் மறுபடி முதலிலிருந்து.

படம் எடுப்பவர்கள் முக்காலியோடு கடைசிக் குழுவில் வரட்டும். ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, துவாரம் எஃப் 2.8, 30 விநாடி. தானியங்கிக் குவியத்தை (ஆட்டோ ஃபோகஸ்) அணைத்துவிடுங்கள்; இருட்டில் அது திணறுவதோடு, கேமராவின் உதவி விளக்கையும் எரியவிடும்.

வழியில் மண்சாலை உண்டு, மழைக்குப்பின் மூடுவதும் உண்டு. கிளம்பும் நாள் காலையில் தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். அங்கே போனபின் போன் சிக்னலை நம்ப முடியாது. எந்தக் குழு எப்போது உள்ளே போகிறது என்பதை வீட்டிலேயே தாளில் எழுதி, கார் ஓட்டுபவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பாதையில் அடிக்கடி நடக்கும் சிலர்