ஹார்ட் டிஸ்க் தட்டினால் முதலில் பவரை நிறுத்துங்க: திருப்பூர் ஜாப்வொர்க் யூனிட்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர்ப் பக்கம் நிட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, ஸ்டிச்சிங் யூனிட் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், அங்கே கணக்கு பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கும் நாங்கள் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். ஹார்ட் டிஸ்க் பழுதாகும் அன்றைக்கே கணக்கு மொத்தமும் அழிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகு “சரி பண்ணுகிறோம்” என்று செய்கிற வேலைகளில்தான் பல நேரம் அழிகிறது. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு நெருக்கும்போது, நின்றுபோன மெஷினைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணத்தான் கை போகும். டிஸ்க்குக்கு அதுதான் ஆபத்து.

கணக்கு மென்பொருளான டேலி திறக்க நேரமெடுக்கிறது, ஏதோ ஒரு ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது, ஆன் பண்ணும்போதெல்லாம் விண்டோஸ் தானாக டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பிக்கிறது என்றால் சந்தேகப்படுங்க. சத்தம் எதுவும் இல்லாமல் மெஷின் ஓடுகிறது என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பார்க்கலாம். மேலே நீலத்தில் ‘குட்’ என்று இருப்பதோடு திருப்தியாகிவிட வேண்டாம். கீழே பட்டியலில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளைப் பாருங்க. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டேட்டா எழுதப்படும் சிறு பகுதிகள்). சி5 என்பது படிக்க முடியாமல், என்ன செய்வது என்று முடிவாகாமல் நிற்கும் செக்டர்கள். சி6, டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோதும் படிக்க முடியாதவை. ஒவ்வொரு வரியின் கடைசியில் வரும் எண் ஹெக்ஸாடெசிமலில், அதாவது 16-அடி எண் முறையில் இருக்கும். 10 என்று தெரிந்தால் 16 என்று அர்த்தம். சி5 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலே அந்த டிஸ்க்கில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. 05 மட்டும் கொஞ்சம் இருந்து மாதக்கணக்கில் ஏறாமல் இருந்தால் சினிமா பார்க்கிற மெஷினுக்கு அது போதும், கணக்கு மெஷினுக்கு வேண்டாம்.

சி7 வேறு கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் டேட்டா போகும்போது வரும் பிழையை அது எண்ணுகிறது. பெரும்பாலும் அந்த இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிப் போட்டுவிட்டு எண் மேலே ஏறுகிறதா என்று பாருங்க. பழைய எண் குறையாது. ஏறாமல் நின்றால் பழுது தீர்ந்தது. புது டிஸ்க் வாங்கத் தேவையில்லை.

சத்தமே இல்லை, சுழலவும் இல்லை என்றால் முதலில் மெஷினுக்குப் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைச் சந்தேகப்படுங்க. நம்ம ஊர் பனியன் பஞ்சு கேபினெட் ஃபேனையும் எஸ்எம்பிஎஸ் ஃபேனையும் கம்பளி போல மூடிக்கொள்ளும். சூடேறி வோல்ட்டேஜ் இறங்கும். மல்டிமீட்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். பெரிய டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது, அதனால் அது இறங்கினால் டிஸ்க் நல்லதாக இருந்தும் செத்ததுபோல் தெரியும்.

ஆனால் “டிக்… டிக்… டிக்…” என்று ஒரே தாளத்தில் தட்டிவிட்டுச் சுழற்சி நின்றுபோனால் அளப்பதற்கு எதுவும் இல்லை. பவரை நிறுத்துங்க. தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து டேட்டாவைப் படிக்க வேண்டிய ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறும் சத்தம் அது. இன்னொரு முறை ஆன் பண்ணினால் தட்டின் பூச்சையே அது சுரண்டக்கூடும். சுரண்டிய இடத்தில் இருந்த டேட்டாவை எந்த லேபும் மீட்க முடியாது. ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும். மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினாலும் இப்போதைய டிஸ்க்குகள் ஓடாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன, அதையும் எடுத்து மாற்ற வேண்டும். இது ஹெட் மாற்றும் வசதியுள்ள மீட்பு லேபுக்குப் போக வேண்டிய கேஸ்.

தட்டாமல், தடுமாறித் தடுமாறிப் படிக்கிற டிஸ்க்தான் நம்மால் காப்பாற்றக்கூடியது. அதில்தான் தப்பும் அதிகம் நடக்கிறது. தயவுசெய்து அதில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்ட விடாதீங்க. ‘/ஆர்’ சேர்த்து ஓட்டினால் அது எல்லா செக்டரையும் வலுக்கட்டாயமாகப் படிக்கும். கூடவே சாகப்போகிற டிஸ்க்கிலேயே எழுதி ஃபைல் பட்டியலை மாற்றும். பெயரோடு இருந்த ஃபைல்கள் பெயரில்லாத துண்டுகளாகிவிடும். ‘ஃபார்மேட் பண்ணவா’ என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். அதே டிஸ்க்கில் விண்டோஸை மறுபடி ஏற்றுவதும் கூடாது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் ஆன் பண்ணி, மவுண்ட் பண்ணாமல் (ஃபைல்களைத் திறக்காமல்) ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு முழு நகல் எடுக்க வேண்டும். நகல் வாங்கும் டிஸ்க் அதே அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தாண்டிவிட்டு நல்ல பகுதியை எல்லாம் வாரிக்கொள்ள வேண்டும். விட்டுப்போனதை இரண்டாம் சுற்றில் மூன்று முறை வரை முயற்சி செய்யலாம். எதுவரை முடிந்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலை மூன்றாவது ஒரு டிஸ்க்கில் வைத்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது பழையது, எது புதியது என்று சீரியல் நம்பரைப் பார்த்து உறுதி செய்யாமல் என்டர் தட்டக் கூடாது. மாறிப்போனால் எல்லாம் போச்சு. நல்ல டிஸ்க்கில் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி நகலாக மூன்று மணி நேரம்தான். கெட்ட டிஸ்க் நாட்கணக்கில் இழுக்கும். “எப்போ முடியும்” என்று எங்களை அவசரப்படுத்தாதீங்க. செக்டிஸ்க், டேலியின் ரிப்பேர் எல்லாம் பிறகு அந்த நகலில்தான். ட்ரையல் பேலன்ஸைப் பழைய பிரிண்டோடு ஒப்பிட்ட பிறகே டேலியில் புது என்ட்ரி போடுங்க.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி சத்தம் போட்டுத் தட்டாது, எச்சரிக்காமலும் போகும். நேற்று ஓடியது இன்று மெஷினின் தொடக்கத் திரையான பயாஸிலேயே தெரியாது.

அதனால் பேக்கப். ‘டி டிரைவில் பேக்கப் இருக்கு’ என்பதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். பல மெஷின்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. போர்ட்டலில் ரிட்டர்ன் இருக்கும், உங்கள் வவுச்சர் இருக்காது. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்க. ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பேக்கப் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்க, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்கும் பூட்டிக்கொள்ளும். டேலிபிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தினால் வரும் டேட்டா மெனுவில் பேக்கப் இருக்கும். எம்ப்ராய்டரி டிசைன்களும் பிரிண்டிங் ஆர்ட்வொர்க்கும் டேலி ஃபோல்டருக்கு வெளியே கிடக்கும், அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்க. மாதம் ஒருமுறை வேறு மெஷினில் ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீங்க.

பழுதான டிஸ்க்கைக் கடையில் கொடுக்கும்போது சீரியல் நம்பரை ரசீதில் எழுதி வாங்குங்க. ‘ஃபார்மேட் வேண்டாம், செக்டிஸ்க் வேண்டாம், பழைய டிஸ்க் திரும்ப வேண்டும்’ என்றும் எழுதச் சொல்லுங்க. வாரண்டியில் கொடுத்தால் வேறு டிஸ்க் கிடைக்கும், டேட்டா கிடைக்காது. அதனால் டேட்டா வெளியே வரும்வரை வாரண்டிக்கு அனுப்ப வேண்டாம். எடுத்து வரும்போது ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு, சுற்றிலும் ஃபோம் வைத்து, வண்டி பெட்டியில் ஆட விடாமல் மடியிலோ தோள் பையிலோ கொண்டு வாங்க.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரக் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலாளர்கள் சிலர்