டி-யில் போட்டுவிட்டால் மலை ஏறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை விடிவதற்குள் மைசூரு சாலையிலும் ஓசூர் சாலையிலும் மலையை நோக்கிக் கிளம்பும் பெங்களூரு கார்களில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகிவிட்டன. சில்க் போர்டு நெரிசலில் கிளட்ச் மிதித்துக் கால் ஓய்ந்தவர்கள் வாங்கியவை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஊட்டி, ஏற்காடு, ஏலகிரி என்று ஏறி இறங்கிவிட்டுப் பட்டறைக்கு வரும்போது பிரேக் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறது, பேடு தேயாமலேயே இறுகிப் பளபளக்கிறது, கியர் ஆயிலில் கருகல் வாடை அடிக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: போன இடமெல்லாம் கியர் லீவர் 'டி' (டிரைவ்) என்ற இடத்தை விட்டு நகரவே இல்லை.

மலைப்பாதையில் 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று நிற்கும் பலகை கிளட்ச் வண்டிக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆட்டோமேட்டிக்குக்கும் சேர்த்துத்தான்.

ஓவர்டிரைவ் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் மூன்றாவது கியரின் விகிதம் 1. என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டும் ஒரு சுற்று. நான்காவது கியரில் விகிதம் சுமார் 0.7; என்ஜின் முக்கால் சுற்றுகூடச் சுற்றாமல் தண்டு ஒரு முழுச் சுற்று போய்விடும். இதுதான் ஓவர்டிரைவ். மைசூரு விரைவுச்சாலையில் பெட்ரோலை மிச்சப்படுத்த இது அருமையான ஏற்பாடு. ஆனால் வேகத்தில் கிடைத்ததை இழுவையில் இழக்கிறோம். மலைக்கு வேண்டியதோ இழுவை.

ஏற்றத்தில் டி-யிலேயே விட்டால் என்ன நடக்கும்? எந்தக் கியர் வேண்டும் என்பதை கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் முக்கியமாக இரண்டை வைத்து முடிவு செய்கிறது: வண்டியின் வேகம், ஆக்சிலேட்டரை நீங்கள் எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பது. முன்னால் வரும் கொண்டை ஊசி வளைவு அதற்குத் தெரியாது. வளைவுக்கு முன் காலை எடுத்தால், இனி இழுவை வேண்டாம் போலிருக்கிறது என்று மேல் கியருக்குத் தாவும். வளைவின் நடுவில் மிதித்தால் ஒரு கணம் தயங்கி, உறுமிக்கொண்டு கீழ் கியருக்கு வரும். மூன்று, நான்கு, மறுபடி மூன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே கிளட்ச் தட்டுகள் உரசும். என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; இரண்டையும் நேரடியாகப் பூட்டும் அதன் லாக்-அப் கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும். லாக்-அப் இல்லாத நேரமெல்லாம் ஆயில் கலக்கப்பட்டுச் சூடாகும். சாதாரணமாக 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டிய ஆயில் 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். சிவப்பாக இருந்தது பழுப்பாகும், வழுவழுப்புப் போகும், பிறகு கியர் விழும்போது இடிக்கும்.

ஆகவே அடிவாரத்திலேயே ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள். பழைய நான்கு கியர் வண்டிகளில் கியர் லீவரின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மீட்டரில் 'ஓ/டி ஆஃப்' என்று விளக்கு எரியும். அதன்பின் வண்டி மூன்றாவதைத் தாண்டாது. டீ குடிக்க நிறுத்தி மறுபடி சாவி போட்டால் பல வண்டிகளில் ஓவர்டிரைவ் தானே திரும்பிவிடும், விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவுகள் நெருங்கி வரும் இடத்தில் லீவரை '2'-க்கு (இரண்டாவது கியருக்கு) இழுக்கலாம். 'எல்' (லோ, அதாவது முதல் கியர்) மிகச் செங்குத்தான ஏற்றத்துக்கு மட்டும்; வேகம் 30 கி.மீ.க்குக் கீழே வந்த பிறகே அதற்கு மாற்ற வேண்டும். ஆறு கியர் வண்டிகளில் இந்தப் பொத்தான் இருக்காது, பெரும்பாலும் ஐந்தும் ஆறும்தான் அங்கே ஓவர்டிரைவ். லீவரை 'எம்' (மேனுவல்) பக்கம் தள்ளி, பிளஸ் மைனஸால் இரண்டிலோ மூன்றிலோ நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 2,500 முதல் 4,000 சுற்று வரை போவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தச் சத்தத்தில் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. 1,500 சுற்றில் முக்கிக்கொண்டு ஏறுவதுதான் கெடுதல். 'எகோ' மோடையும் குரூஸ் கன்ட்ரோலையும் அடிவாரத்திலேயே அணைப்பது நல்லது.

உயரமும் ஒரு கணக்கு. டர்போ இல்லாத என்ஜின் 100 மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் ஒரு சதவீத சக்தியை இழக்கும். பெங்களூரு 920 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஐந்து பேரும் பெட்டிகளுமாகப் போகும் 1.2 லிட்டர் வண்டி, இங்கே இருந்ததில் எட்டில் ஒரு பங்கு சக்தியை அங்கே இழந்திருக்கும். ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் அணைத்தால் வித்தியாசம் தெரியும்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. அங்கே சொல்வது 'டி-யில் போடுங்க சார், மறந்துடுங்க' என்பது மட்டும்தான். சின்னக் கார்களில் வரும் ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸும் ஆயிலில் நனையாத உலர் கிளட்சும்தான். கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. ஏற்றத்தில் முன்வண்டி நின்றால், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பின்வாங்காமல் பிடித்துவைப்பது இதைச் சீக்கிரம் கருக்கிவிடும். பிரேக்கில் நில்லுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், வண்டி இழுக்கத் தொடங்கியதை உணர்ந்தபின் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஏற்றத்தில் வண்டியைப் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் வசதி இருந்தாலும் அது இரண்டு மூன்று விநாடிதான் பிடிக்கும். உலர் கிளட்ச் உள்ள டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச்) வண்டிக்கும் இதேதான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போகாமல், ஒரு வண்டி நீளம் இடம் விழுந்தபின் நகர்ந்து முழுதாக நில்லுங்கள். பெல்ட்டில் ஓடும் சி.வி.டி.யில் படிப்படியான கியர்கள் கிடையாது; ஏற 'எஸ்' (ஸ்போர்ட்), இறங்க 'எல்'.

கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை வந்தால் உடனே என்ஜினை அணைக்கத் தோன்றும். அணைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி 'பி'யில் (பார்க்) போட்டு என்ஜினை ஓடவிடுங்கள்; டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. இரண்டிலும் என்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் சுழன்று, ஆயில் கூலருக்குப் போகும். என்ஜின் சூட்டு முள்ளே சிவப்பைத் தொட்டால் மட்டும் அணைத்தாக வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து அந்த வழியாக வெளியூர்ச் சுற்றுலா வண்டிகளை இறங்க விடாததற்குக் காரணமே பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகள்தான். ஊட்டியிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான நடுவட்டம், கூடலூர் வழி அவ்வளவு செங்குத்தில்லை என்பதால் டி-யிலேயே பிரேக்கில் கால் வைத்தபடி இறங்குகிறார்கள். சரிவு குறைவுதான், ஆனால் நீளம் அதிகம். பிரேக்குக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறியபின் 140-க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்க வேண்டும். ஓவர்டிரைவ் ஆஃப், அல்லது 2, அல்லது எம்-இல் இரண்டு. காலை எடுத்தாலே என்ஜின் வண்டியைப் பிடிக்கும். அப்படியும் வேகம் கூடினால் பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே மைல் கணக்கில் வராதீர்கள். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய என்ஜின் கியரில் இறங்கும்போது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். கருகல் வாடை வந்தால் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும்.

மின்சாரக் கார்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மலைமேல் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் ரீஜென் (மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது) பிடிக்காது, சுமை முழுவதும் பிரேக்கில் விழும். 85, 90 போதும்.

சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிறகு பிரேக்கிலிருந்து கால், கடைசியாக 'பி'. வரிசை மாறினால் வண்டியின் எடை முழுவதும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். 'பி' இல்லாத ஏ.எம்.டி. வண்டியை கியரில் விட்டே அணைக்க வேண்டும்.

நம் நாட்டில் கார் உரிமத்தில் ஆட்டோமேட்டிக், மேனுவல் என்ற பிரிவு கிடையாது. சமதளத்தில் 'டி' மட்டும் பழகியவரும் அதே உரிமத்தோடு மலைக்குப் போகலாம். பெங்களூரில் பயிற்சிப் பள்ளிகள் கடைசி ஒரு மணி நேரத்தையாவது நந்தி மலைப் பாதைக்கு ஒதுக்கினால் நல்லது. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போகிறோம். அந்த விண்ணப்பத்தில் வண்டி ஆட்டோமேட்டிக்கா என்று ஒரு கேள்வி கேட்டு, ஆம் என்றால் இறக்கத்தில் எந்தக் கியர் என்று தமிழிலும் கன்னடத்திலும் நான்கு வரி காட்டலாம். பலகைகளிலும் 'இரண்டாவது கியர்' என்பதோடு '2 / எல் / எம்2' என்று சேர்த்து எழுத ஒரு டப்பா பெயின்ட்தான் செலவு.

இப்படிக்கு,
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மெக்கானிக்குகள்,
வில்சன் கார்டன், பெங்களூரு.