பேச்சு வீடியோ எல்லாம் இருக்கு, வாக்களிச்ச கணக்கு எங்க? முஸ்லிம் கட்சி எம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கட வோட்ட எடுத்துக்கொண்டு எதிர்க்கட்சியில போய் இருந்த, இப்பவும் இருக்கிற எங்கட முஸ்லிம் கட்சி எம்பி சேர்மாருக்கு இத எழுதுறன்.

போன கிழமை ஒரு ராவு நித்திரை வரல்ல. போன எடுத்து ஒரு எம்பிட பேஸ்புக் பேஜ கீழ இழுத்து இழுத்து 2020 வரைக்கும் போய்ப் பாத்தன். அவர்ட பேர இங்க போடல்ல, ஏனெண்டா இது அவர் ஒருத்தர்ட கதை இல்ல. 2020 ஒக்டோபர் மாசத்தில கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் போஸ்ட் இருக்கு, கல்யாண வீடு, மையத்து வீடு, ரோட்டுக்கு கொங்ரீட் போடுறது, பாராளுமன்றத்தில கதைச்ச வீடியோ, எல்லாம் இருக்கு. 21ஆம் திகதி வரைக்கும் இருக்கு. 22ஆம் திகதி வியாழக்கிழமை ஒண்டும் இல்ல. 23ஆம் திகதி காலையில பச்சைக் கலர் பள்ளிவாசல் படத்தோட "ஜும்மா முபாரக்".

அந்த நடுவில இல்லாத ஒரு நாள்தான், ஜனாதிபதிட அதிகாரத்த கூட்டுற அரசியலமைப்புட 20ஆவது திருத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்த நாள்.

அந்த வருசம் ஓகஸ்ட் 5 எலெக்சனுக்கு முதல் எங்கட ஒழுங்கையில பொக்கட் கூட்டம் ஒண்டு வெச்சீங்க. கொரோனாவால பெரிய கூட்டம் வெக்க ஏலாது, அதால எங்கட மாமாட வீட்டு முத்தத்தில இருபது முப்பது பிளாஸ்டிக் கதிர. மாமி எல்லாருக்கும் இஞ்சித் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. நீங்க கதைச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஏனெண்டா அண்டைக்கு நீங்க கதைச்சது ஒரே ஒரு விசயம்தான், ராஜபக்சமாருக்கு மூண்டில ரெண்டு குடுத்திட்டா நம்மட கதை முடிஞ்சிது, அத தடுக்கிறதுக்குத்தான் உங்கட வோட்ட கேக்கிறம் எண்டீங்க. கிழக்கு முழுக்க நீங்க எல்லாரும் இததான் சொன்னீங்க. வேற வேற சின்னம், ஆனா கதை ஒண்டு. நாங்களும் நம்பினம், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு எங்களுக்கு நடந்ததுகள பாத்தா நம்பாம இருக்க ஏலுமா.

எலெக்சன் முடிஞ்சி அவங்களுக்குக் கிடைச்சது 145. 225ல மூண்டில ரெண்டு எண்டா 150. அவங்கட பக்கம் நிண்ட சின்னச் சின்னக் கட்சிகள கூட்டி எடுத்தாலும் இழுபறிதான். ஒக்டோபர் 22 ராவு எண்ணிக்கை வந்திச்சு, ஆதரவா 156, எதிரா 65. எதிர்க்கட்சி வரிசையில இருந்து எட்டுப் பேர் ஆதரிச்சிருந்தாங்க, அதுல ஆறு பேர் முஸ்லிம் எம்பிமார். நாலு பேர் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ். அதே கட்சிட தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களிச்சார். தலைவர் அந்தப் பக்கம் உறுப்பினர்கள் இந்தப் பக்கம், இது என்ன மாதிரிக் கட்சி எண்டு அண்டைக்கு ராவு எங்கட ஊர் வட்ஸ்அப் குரூப்ல கேக்காத ஆள் இல்ல.

கணக்க கொஞ்சம் பாருங்க. 156ல எட்ட கழிச்சா 148. மூண்டில ரெண்டு இல்ல. நியாயமா சொல்லோணும், உங்கட ஆறு பேர மட்டும் கழிச்சா சரியா 150 வரும், அப்பவும் மயிரிழையில நிறைவேறியிருக்கும், அதால முழுப் பழியும் முஸ்லிம் எம்பிமார் தலையில எண்டு பேசுறவங்களோட நான் ஒத்துப்போகல்ல. மத்த ரெண்டு பேரும் பதில் சொல்லத்தான் வேணும். ஆனா அவங்க எங்கட வீட்டு முத்தத்தில வந்து வோட்டுக் கேக்கல்லயே. நீங்கதானே வந்தீங்க.

இப்ப ஜனாஸா விசயத்துக்கு வாறன். எழுதக் கஷ்டமா இருக்கு, ஆனா எழுதாம விட ஏலாது.

2020 ஏப்ரல்ல வர்த்தமானி போட்டாங்க, கொவிட்ல மவுத்தானா எரிக்கிறதுதான், அடக்க விடமாட்டம் எண்டு. அடக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேக்கல்ல. நீங்க பாராளுமன்றத்தில இதப்பத்தி கதைச்சீங்க, இல்ல எண்டு சொல்லல்ல. மேசைக்கு அடிச்சுக் கதைச்ச வீடியோ எல்லாம் நாங்களே ஷேர் பண்ணினம். 20க்கு ஏன் கை உயர்த்தினீங்க எண்டு கேட்டப்போ ஊருக்குள்ள சொல்லப்பட்ட காரணமும் இதுதான், ஜனாஸாவுக்கு ஒரு நல்ல முடிவு வரும் எண்ட நம்பிக்கையில செஞ்சதாம். சரி, வந்ததா? ஒக்டோபர் போச்சு, நவம்பர் போச்சு. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றமும் மனுக்கள தள்ளுபடி பண்ணிச்சு. அந்த மாசம்தான் இருபது நாள் பிள்ளை ஒண்ட பொரளையில எரிச்சாங்க, சனம் போய் அங்க இருக்கிற கனத்த மயானத்து வேலியில வெள்ளத் துணி கட்டினாங்க. உங்கட வாக்கு போய் ரெண்டு மாசம் கூட ஆகல்ல.

அதே டிசம்பர்ல எங்கட மாமா. கொழும்புக்கு வேற வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போனவர், ஆஸ்பத்திரியில பொசிட்டிவ் எண்டாங்க, ஆறாம் நாள் மவுத்து. மச்சான் கேட்டுக்கு வெளியில நிண்டவன், தூரத்தில இருந்து ஒரு பெட்டிய காட்டினாங்க, அதுக்குள்ள வாப்பாதான் இருக்கார் எண்டு சொன்னாங்க, அவ்வளவுதான். இங்க ஊர்ல மாமி விசயம் கேள்விப்பட்ட உடனே ஆளனுப்பி கடையில மையத்த சுத்துற கபன் புடவை எடுத்து வெச்சிருந்தா, எப்படியும் கொண்டு வருவாங்க எண்டு. அந்தப் புடவை வெட்டாம மடிச்ச மாதிரியே இன்னும் அலுமாரியில இருக்கு. யாரும் அத எடுக்கச் சொல்லுறதும் இல்ல, மாமி எடுக்கிறதும் இல்ல.

நீங்க பொக்கட் கூட்டம் வெச்ச அதே வீடுதான் சேர்.

கடைசியா அடக்க விட்டது 2021 பெப்ரவரி கடைசியில. அதுவும் எப்படி வந்திச்சு எண்டு எங்களுக்குத் தெரியும். பெப்ரவரி 10ஆம் திகதி மரிக்கார் எம்பி பாராளுமன்றத்தில கேள்வி கேட்டு, அதுக்கு பிரதமர் மஹிந்த அடக்க அனுமதிப்பம் எண்டு பதில் சொல்லி, பிறகு அதையும் இழுத்தடிச்சு, ஜெனீவாவில மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன உடனேதான் வர்த்தமானி மாறினது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகர்ல முதல் ஜனாஸா அடக்கினாங்க. எங்கட மாமாவுக்கு அது மூணு மாசம் பிந்தினது. 20க்கு எதிரா வாக்களிச்ச ஒரு எம்பிட கேள்விக்காவது வாயால ஒரு பதில் கிடைச்சிச்சு. ஆதரவா வாக்களிச்ச ஆறு பேருக்கு நாலு மாசமா என்ன கிடைச்சிச்சு எண்டு நீங்கதான் சொல்லோணும்.

பேரம் பேசுறது பிழை எண்டு நான் சொல்ல வரல்ல. சின்னச் சமூகம், அரசாங்கத்தோட எந்த நாளும் முட்டிக்கொண்டு இருக்க ஏலாது, எனக்கும் விளங்குது. ஆனா பேரம் எண்டா என்ன எண்டு முஸ்லிம் காங்கிரஸ உண்டாக்கின மர்ஹும் அஷ்ரப் காட்டிட்டுத்தானே போனார். 1988ல பிரேமதாச ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆதரவு தேடின நேரம், அஷ்ரப் கேட்டது ஒரு மாவட்டத்தில ஆசனம் எடுக்கத் தேவையான பன்னிரண்டரை வீத வெட்டுப்புள்ளிய அஞ்சு வீதமாக் குறைக்கச் சொல்லி. அது டிசம்பர்ல அரசியலமைப்புட 15ஆவது திருத்தமா வந்திச்சு, தேர்தல் நடந்தது அதுக்குப் பிறகு. சாமான் முதல் கைக்கு வந்திச்சு, எழுத்தில வந்திச்சு, நாடே பாத்திச்சு, முஸ்லிம்களுக்கு மட்டுமில்ல எல்லாச் சின்னக் கட்சிக்கும் கிடைச்சிச்சு. இண்டைக்கு வரைக்கும் உங்கள மாதிரிக் கட்சிகள் சில மாவட்டங்கள்ல ஒரு ஆசனம் ரெண்டு ஆசனம் எடுக்கிறது அந்தப் பேரத்தாலதான். 2020ல நடந்தது தலைகீழ். வாக்க முதல் குடுத்தாச்சு, பேசின விசயம் எழுத்தில எங்கயும் இல்ல, யார் யாரோட பேசினது எண்டும் தெரியாது, எங்களுக்கு விசயம் தெரிய வந்ததே எண்ணிக்கை வந்த பிறகுதான்.

இது முதல் தடவையும் இல்ல. 2010 ஏப்ரல்ல முஸ்லிம் காங்கிரஸ் யானைச் சின்னத்தில கேட்டு எதிர்க்கட்சியாப் போனது. செப்டம்பர் 8ஆம் திகதி 18ஆவது திருத்தத்துக்கு எட்டுப் பேரும் கை உயர்த்தினீங்க, 161க்கு 17 எண்டு நிறைவேறிச்சு, ஜனாதிபதி ரெண்டு தடவைக்கு மேல நிக்க ஏலாது எண்டு இருந்த தடை போச்சு. அந்த வருசமே தலைவர் நீதி அமைச்சர். 2012ல தம்புள்ள பள்ளிவாசலுக்கு அடிச்சாங்க, 2014ல அளுத்கமவில முஸ்லிம்கள்ட வீடு கடை எரிஞ்சது, அப்ப நாட்டுட நீதி அமைச்சர் எங்கட ஆள். அண்டைக்கு நான் ஏஎல் படிச்சுக்கொண்டிருந்தன், அளுத்கம வீடியோக்கள பாத்திட்டு வாப்பாட்ட கேட்டன், நம்மட ஆள்தானே வாப்பா நீதி அமைச்சர், அவரால ஏன் நிப்பாட்ட ஏலாது எண்டு. வாப்பா பதில் சொல்லல்ல, ரேடியோவ குறைச்சிட்டு எழும்பிப் போயிட்டார்.

ரெண்டு தடவையும் நீங்க பலமாக்கிக் குடுத்த அந்த ஒரே ஜனாதிபதிக் கதிரையில இருந்துதான் எங்களுக்கு அடி விழுந்திருக்கு. இத நீங்க உங்களுக்குள்ள எப்பயாவது உக்காந்து கதைச்சிருக்கீங்களா?

பிறகு 2022 வந்திச்சு, வரிசை, கேஸ் இல்ல, பெற்றோல் இல்ல, சனம் காலிமுகத்திடலுக்குப் போச்சு, ஜனாதிபதி கோட்டாபய ஓடினார். ஒக்டோபர் 21ஆம் திகதி, 20க்கு கை உயர்த்தி சரியா ரெண்டு வருசத்துக்கு ஒரு நாள் குறைய, அத மாத்துறதுக்கு 21ஆவது திருத்தம் வந்திச்சு, 179 பேர் ஆதரவு, ஒருத்தர்தான் எதிர்ப்பு. 20க்கும் 21க்கும் ரெண்டுக்கும் ஆமா சொன்ன ஆக்கள் அந்தச் சபையில எத்தனையோ பேர். மனசு மாறுறது குற்றம் இல்ல. அண்டைக்கு இந்தக் காரணத்துக்கு அப்படிச் செஞ்சன், அது சரிவரல்ல, அதால இண்டைக்கு இப்படிச் செய்யிறன் எண்டு சொல்லிட்டு மாறுங்க, சனம் ஏத்துக்கொள்ளும்.

கை உயர்த்துறது ஒரு பக்கம், சபைக்கு வராம விடுறது இன்னொரு பக்கம். 2024 ஜனவரி 24, நிகழ்நிலைக் காப்புச் சட்டம், நாங்க பேஸ்புக்ல என்ன எழுதலாம் எழுதக் கூடாது எண்டு முடிவெடுக்கிற சட்டம், 108க்கு 62. கூட்டினா 170. 225ல மிச்சம் ஐம்பதுக்கு மேல எங்க போனாங்க? எல்லாக் கட்சியிலயும் இந்த நோய் இருக்கு. பேச்சுச் சுதந்திரம் பத்தி போஸ்ட் போடுறதுக்கு ரெண்டு நிமிசம் போதும், வாக்கெடுப்பு மட்டும் சபையில கதிரையில போய் இருந்தாத்தான் செய்ய ஏலும்.

உங்கட வாக்குகள தேடிப் பாக்கிறதும் லேசு இல்ல. சபையில கதைச்சதெல்லாம் பதியிற ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில இருக்கு, ஆனா அவரவர் கதைச்ச மொழியில, நூத்துக்கணக்கான பக்க பீடீஎப். சிங்களத்தில கதைச்ச பக்கத்த எங்கட உம்மாமார் எப்படி வாசிக்கிறது? அதுக்குள்ள இருந்து உங்கட பேர் எந்தப் பக்கத்தில இருக்கு எண்டு கண்டுபிடிக்க எனக்கே ஒரு மணித்தியாலம் போச்சு. உங்கட பேஜுக்கு வீடியோ வெட்டுறதுக்கும் படம் டிசைன் பண்ணுறதுக்கும் பொடியன்மார் வெச்சிருக்கீங்க, அந்தப் பொடியன்ட சொன்னா அஞ்சு நிமிச வேலை. இன்ன சட்டம், இன்ன திகதி, நான் ஆதரவு, இல்லாட்டி எதிர்ப்பு, இல்லாட்டி வரல்ல, ஏன் எண்டு ரெண்டு வரி. மூண்டில ரெண்டு தேவைப்படுற விசயம் எண்டா வாக்களிக்க முதலே சொல்லுங்க, எங்கட அபிப்பிராயத்தையும் கேளுங்க, கேட்டிட்டு மாறி வாக்களிச்சாலும் பரவாயில்ல, முகத்துக்கு நேர சொல்லிட்டுச் செய்ங்க.

கட்சித் தலைமையும் இதுல தப்ப ஏலாது. கட்சி முடிவ மீறி வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிச்சதுக்காக முஸ்லிம் காங்கிரஸ் எம்பி நஸீர் அஹமட நீக்கி, உயர் நீதிமன்றம் 2023 ஒக்டோபர்ல அது சரி எண்டு சொல்லி, அவர்ட ஆசனமும் போச்சு. அப்ப நினைச்சா நடவடிக்கை எடுக்க ஏலும்தானே. 20க்கு கை உயர்த்தினப்போ ஏன் அந்த வேகம் இருக்கல்ல? அந்த ராவு கட்சிக்குள்ள உண்மையில என்ன முடிவு எடுக்கப்பட்டது எண்டு இண்டு வரைக்கும் ஆதரவாளர்களுக்கு ஒழுங்கா ஒரு விளக்கம் வரல்ல, ஆளுக்கு ஒரு கதைதான் கேட்டிருக்கம்.

2024 ஜூலையில அரசாங்கத்துட அமைச்சரவையே எரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டிச்சு. உங்கள்ட நான் மன்னிப்புக் கேக்கல்ல சேர். அண்டைக்கு என்ன நடந்தது, யார் என்ன வாக்குறுதி தந்தது, நீங்க ஏன் நம்பினீங்க, இதத்தான் கேக்கிறன். உங்கட பேஜில அந்த ஒக்டோபர் 22 இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு.

பதில் போடுறதெண்டா லைவ் வராதீங்க, எழுத்தில போடுங்க. மாமிக்கு காது இப்ப கேக்கிறது குறைவு. கண்ணாடி போட்டா போன்ல எழுத்து வாசிப்பா.

வஸ்ஸலாம்.